மீன் தொட்டியின் நீர் வடிகட்டி: தெரிவும் அமைப்பும் பேணலும்

தோட்டஞ் செய்யும் கமக்காரர் பலர் கிணற்றடியிலும் வீட்டு முற்றத்திலும் சீமெந்துத் தொட்டி கட்டி மீன் வளர்த்து வருகின்றனர். அலங்கார மீன் விற்பனையாற் சிறு வருவாய் கிடைக்கின்றது. தொட்டியின் பழைய நீர் பயிருக்கும் உதவுகின்றது. ஆயினும் இவர்களிடமிருந்து ஒரு முறைப்பாடு அடிக்கடி எழுவதுண்டு. "தொட்டியைத் துப்புரவாகக் கழுவினேன். வடிகட்டியிலிருந்த சல்லியையும் வெள்ளையாகும்வரை தேய்த்துக் கழுவிக் காயவைத்துப் போட்டேன். நீர் பளிங்குபோல் இருந்தது. நான்காம் நாட் காலையில் மீன்களெல்லாம் செத்து மிதந்தன" என்பதே அம்முறைப்பாடு.

இதற்குக் காரணம் நோயன்று, கண்ணூறுமன்று. கழுவியதே காரணம். வடிகட்டி அழுக்கைத் தடுக்கும் வெறும் சல்லடை என எண்ணுவதால் இவ்விழப்பு நேர்கின்றது. உண்மையில் வடிகட்டி உயிருள்ள ஒரு பொருள். நல்ல தோட்டமண் எவ்வாறு உயிருள்ளதோ அவ்வாறே சல்லிப் படையும் உயிருள்ளது. இதனை உணர்ந்த கமக்காரருக்கு வடிகட்டியைத் தெரிவதும் அமைப்பதும் பேணுவதும் கடினமல்ல.

1. வடிகட்டி செய்யும் இரு வேலைகள்

முதலாவது வேலை, மீனின் எச்சத்தையும் உண்ணாது எஞ்சிய தீனையும் நீரிலிருந்து பிரித்தெடுத்தல். இது கண்ணுக்குத் தெரியும் வேலை.

இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரியாதது; ஆனால் முதலாவதிலும் முக்கியமானது. மீன் தான் உண்ட தீனிலுள்ள நைதரசனின் பெரும்பகுதியை அமோனியாவாகப் பூக்களின் வழியே நீரில் விடுகின்றது. அமோனியா மீனுக்கு நஞ்சு. அது நீரிற் கரைந்திருப்பதால் எத்துணை நுண்ணிய துணியால் வடித்தாலும் நீங்காது. சல்லியின் மேற்பரப்பில் ஒட்டி வாழும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. மற்றொரு வகைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நைத்திரைற்றும் மீனுக்கு நஞ்சே. நைத்திரேற்றோ சிறிதளவில் தீங்கு செய்யாது. பயிருக்கு நல்ல உணவுமாகும்.

இது கமக்காரருக்குப் புதிய செய்தியன்று. மிளகாய்ப் பாத்தியில் இட்ட யூரியா முதலில் அமோனியமாக மாறும்; அவ்வமோனியம் பின்னர் நைத்திரேற்றாக மாறுவது இதே இனப் பற்றீரியாக்களின் செயலாலாகும். இம்மாற்றம் காற்றோட்டமுள்ள மேட்டு மண்ணில் விரைவாக நிகழும். நீர் நிற்கும் வயலின் சேற்றில் ஒட்சிசன் இல்லாமையால் அது நடைபெறாது. வடிகட்டியின் சல்லிப் படை எப்பொழுதும் மேட்டுநிலப் பாத்தியைப்போல் ஒட்சிசன் பெற்றிருத்தல் வேண்டும். நீரோட்டம் நின்றாலும், சேறு அடைத்தாலும் அது வயற்சேற்றின் நிலையை அடையும், பற்றீரியாக்கள் மடியும்.

2. அமோனியா எப்பொழுது கொல்லும்?

நீரிலுள்ள அமோனியாவின் ஒரு பகுதியே கடும் நஞ்சாக இருக்கும். அப்பகுதியின் அளவு நீரின் பீ.எச். பெறுமானத்தைப் பொறுத்தது. நீரின் வெப்பம் 28 பாகை செல்சியசாக இருக்கும்போது, பீ.எச். 7 ஆயின் 100 பங்கில் 1 பங்கிலும் குறைவாகவே நச்சுப்பகுதி உண்டு. பீ.எச். 8 ஆயின் 6 அல்லது 7 பங்கும், பீ.எச். 9 ஆயின் ஏறக்குறைய 40 பங்கும் நச்சுப்பகுதியாகும்.

இதிலிருந்து இரு உண்மைகளை அறியலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டைப்போற் சுண்ணக்கற் பாறையிலிருந்து நீர் பெறும் இடங்களிற் கிணற்று நீர் காரத்தன்மை உடையதாதலின், அங்கு மீன் வளர்ப்போர் அமோனியாவைக் குறித்துக் கூடிய விழிப்புடன் இருத்தல் வேண்டும். அன்றியும், புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டி சுண்ணாம்பைக் கசியவிட்டு நீரின் பீ.எச். பெறுமானத்தை மிக உயர்த்தும். ஆகவே புதுத்தொட்டியை நீரால் நிரப்பி, சில நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்றி, இவ்வாறு இரண்டு மூன்று கிழமைகள் ஊறவிட்ட பின்னரே மீன் விடுதல் வேண்டும். வாழைத்தண்டை வெட்டி ஊறவிடும் வழக்கமும் உண்டு. அவ்வாறு செய்யினும் நீர் மாற்றுதலைத் தவிர்க்கலாகாது.

3. எவ்வகை வடிகட்டி?

பஞ்சு வடிகட்டி: வளிப்பம்பியால் இயங்குவது, விலை குறைந்தது, மீன்குஞ்சை உறிஞ்சிக் கொல்லாது. 100 இலீற்றருக்கு உட்பட்ட கண்ணாடித் தொட்டிக்கும் குஞ்சுத் தொட்டிக்கும் ஏற்றது. பெருந்தொட்டிக்குப் போதாது.

அடித்தளச் சல்லி வடிகட்டி: தொட்டியின் அடியிற் பரப்பிய சல்லியினூடாக நீரை இழுப்பது. தொடக்கத்தில் நன்கு இயங்கும். நாளடைவிற் சல்லியின் கீழே சேறு தேங்கும். அதனை எடுப்பதற்கு முழுத்தொட்டியையும் கலைக்க நேரிடும். ஆதலால் இதனைச் சிபாரிசு செய்வதற்கில்லை.

மூடிய புறவடிகட்டி: கடைகளில் விற்கப்படுவது. நன்கு இயங்கும், விலை கூடியது. இதனை வாங்குவோர் பெட்டியில் அச்சிட்ட கொள்ளளவை அப்படியே நம்பாது, தம் தொட்டியின் அளவிலும் இருமடங்கு நீருக்கு உரியதைத் தெரிதல் நன்று.

பீப்பாச் சல்லி வடிகட்டி: 200 இலீற்றர்ப் பிளாத்திக்குப் பீப்பாவிற் சல்லி இட்டு நாமே அமைப்பது. முற்றத்துச் சீமெந்துத் தொட்டிக்கு இதுவே ஏற்றது. இதன் சேற்று நீரைக் குழாய் வழியே பாத்திக்கு விடலாம் என்பது கமக்காரருக்கு மேலும் ஒரு நன்மை. இனி வருவன இவ்வகைக்கு உரியன.

4. அளவைக் கணித்தல்

வடிகட்டியின் அளவைத் தொட்டியின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. நாளொன்றுக்கு இடும் தீனின் அளவே பெரிதும் தீர்மானிக்கின்றது. 100 கிராம் மீன்தீன் இட்டால் ஏறக்குறைய 3 கிராம் நைதரசன் அமோனியாவாக நீரிற் சேரும். 2 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் அரை மீற்றர் நீராழமும் உள்ள தொட்டியில் 1000 இலீற்றர் நீர் நிற்கும். வடிகட்டி இல்லையெனின் அந்நீரில் ஒரே நாளில் இலீற்றருக்கு 3 மில்லிகிராம் சேர்ந்துவிடும். இரண்டாம் நாளில் அது 6 ஆகும்.

முக்கால் அங்குலச் சல்லி 100 இலீற்றர் அளவினதில், பற்றீரியாக்கள் ஒட்டுவதற்கு 15 சதுர மீற்றருக்குக் குறையாத மேற்பரப்பு உண்டு. நாளொன்றுக்கு 100 கிராம் தீனின் அமோனியாவை மாற்றுதற்கு இது போதும். எனினும் அதுவே எல்லை. மழைக்குளிரிலும் மின்தடையிலும் பற்றீரியாக்கள் மந்தமடையும் ஆதலால், ஒரு பீப்பாவுக்கு 50 கிராம் தீனுக்கு மேற்படாது வளர்ப்பதே புத்தி. தீனைக் கைப்பிடியால் மதிப்பிடாது ஒருமுறையேனும் தராசில் நிறுத்து அளவைக் கண்டுகொள்க.

நீர்ப்பம்பியைப் பொறுத்தவரை, தொட்டி நீர் முழுவதும் ஒன்று முதல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வடிகட்டியினூடாகச் செல்லுதல் வேண்டும். 1000 இலீற்றர்த் தொட்டிக்கு மணிக்கு 500 முதல் 1000 இலீற்றர் தேவை. பம்பியிற் குறித்துள்ள அளவு உயரம் ஏற்றாதபோது உள்ள அளவாகும். ஒரு மீற்றர் உயரம் ஏற்றும்போது அது வெகுவாகக் குறையும். எனவே மணிக்கு 1500 முதல் 2000 இலீற்றர் எனக் குறித்த பம்பியைப் பெறுக. பொருத்திய பின் 10 இலீற்றர் வாளியைப் பிடித்துப் பார்க்க. ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 600 இலீற்றர் ஓடுகின்றது எனக் கொள்ளலாம். 25 உவாற்றுப் பம்பி இரவும் பகலும் ஓடினால் மாதத்துக்கு 18 அலகு மின்சாரம் செலவாகும். பம்பியை இரவில் நிறுத்தி மிச்சம்பிடிக்க எண்ணலாகாது.

5. அமைக்கும் முறை

(அ) பீப்பா உணவுப்பொருள் வந்ததாக இருத்தல் வேண்டும். பூச்சிநாசினியோ வேறு இரசாயனமோ வந்த பீப்பாவை எத்தனை முறை கழுவினும் பயன்படுத்தலாகாது.

(ஆ) சல்லியும் நீரும் சேர்ந்து பீப்பா 250 கிலோகிராமுக்கு மேல் நிறைகொள்ளும். ஆதலால் தொட்டியின் அருகே நிழலில் உறுதியான கல்தளத்தின்மீது வைக்க. நீர் வெளியேறும் வாய் தொட்டிச் சுவரிலும் ஒரு சாண் உயர்ந்திருத்தல் வேண்டும். அங்கிருந்து நீர் விழும்போது காற்றும் கலக்கும்.

(இ) பீப்பாவின் அடியில் ஒன்றரை அங்குல வால்வு ஒன்றைப் பொருத்துக. சேறு வெளியேற்றும் வழி இதுவே.

(ஈ) அடியிற் செங்கற்களை நிறுத்தி, 20 சதம மீற்றர் உயரத்தில் துளையிட்ட பிளாத்திக்குத் தட்டை வைக்க. தட்டின் கீழுள்ள வெளி சேறு படிவதற்குரியது. தட்டின்மேல் நைலோன் வலையைப் பரப்புக.

(உ) கழுவிய முக்கால் அங்குலச் சல்லியை 40 சதம மீற்றர் உயரத்துக்கு இடுக. அது ஏறக்குறைய 100 இலீற்றர் ஆகும். வலைப்பைகளிற் கட்டி இட்டாற் பின்னர் எடுப்பது எளிது. மணல் இடலாகாது, விரைவில் அடைத்துக்கொள்ளும்.

(ஊ) பம்பியைத் தொட்டியில், வடிகட்டி நீர் விழும் இடத்துக்கு எதிர்க்கோடியில் வலைக்கூட்டினுள் வைக்க. அதன் குழாயைப் பீப்பாவின் விளிம்பின் மேலாக எடுத்து, சல்லியினூடே தட்டின் கீழ்வரை இறக்குக. நீர் கீழிருந்து மேலாகச் சல்லியைக் கடந்து வெளிவாயால் தொட்டியில் விழும்.

(எ) பீப்பாவின் நீர்மட்டத்துக்கு மேலே அக்குழாயில் ஒரு சிறு துளை இடுக. இத்துளை இல்லையெனின், மின்சாரம் நின்றவுடன் பீப்பாவின் நீரும் சேறும் குழாய் வழியே தொட்டிக்குத் திரும்பிவிடும். சிறு துளைதானே என இதனை விட்டு வருந்தினோர் பலர்.

(ஏ) பீப்பாவை நுண்ணிய வலையால் மூடிக் கட்டுக. மீனில்லாத நீரில் நுளம்பு முட்டையிடும். டெங்கு நோய்க்கு நம் வீட்டிலேயே இடங்கொடுத்ததாகும்.

(ஐ) மின்னிணைப்பு மின்கசிவில் தானே துண்டிக்கும் ஆளியினூடாக வருதல் வேண்டும். நீரிற் கையிடுமுன் செருகியைக் கழற்றுக.

6. வடிகட்டியைப் பழக்குதல்

அமைத்த அன்றே வடிகட்டி வேலை செய்யாது. பற்றீரியாக்கள் பெருகுதற்கு நம் நாட்டு வெப்பத்தில் 4 முதல் 6 கிழமைகள் செல்லும். முதலிற் சில சிறு மீன்களை மட்டும் விட்டு, நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேற்படாத தீன் இடுக. பின்னர்க் கிழமைதோறும் சிறிது சிறிதாகக் கூட்டுக. நோயற்ற பழைய தொட்டி ஒன்றின் வடிகட்டியிலிருந்து ஈரமான சல்லி ஒரு வாளி பெற்று இட்டால் இக்காலம் குறையும். இது தயிருக்கு உறைமோர் இடுவதை ஒக்கும்.

அலங்கார மீன் கடைகளில் அமோனியாவையும் நைத்திரைற்றையும் சோதிக்கும் துளிமருந்துகள் கிடைக்கும். இலீற்றருக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் அமோனியா காணப்படின் தீன் இடுவதை நிறுத்தி, காற்பங்கு நீரை மாற்றுக. மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதும், பூக்கள் கபிலநிறமாவதும் நைத்திரைற்று மிகுந்ததற்கு அடையாளம். அப்போது நீரை மாற்றுவதுடன் இலீற்றருக்கு 1 கிராம் கறியுப்பும் இடலாம். உப்பிலுள்ள குளோரைட்டு நைத்திரைற்று மீனின் உடலுட் புகுவதைத் தடுக்கும்.

7. பேணுதல்

நாள்தோறும்: காலையில் நீரோட்டத்தையும் மீனின் மூச்சையும் பார்க்க. நீரோட்டம் குறையின் பம்பியின் வலைக்கூட்டைக் கழுவுக.

கிழமைக்கு ஒருமுறை: அடிவால்வைத் திறந்து சேற்று நீரை வெளியேற்றுக. தொட்டியிலிருந்தும் எடுத்து மொத்தம் 200 இலீற்றரைப் புதுநீரால் ஈடுசெய்க. குழாய்நீர் குளோரீன் கலந்ததாயின் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்த பின்னரே இடுக.

மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை: சல்லி அடைத்திருந்தால் மட்டும், மூன்றிலொரு பங்கை எடுத்து, தொட்டி நீர் நிறைந்த வாளியில் அலசி, ஈரங் காயுமுன் திரும்ப இடுக. மற்றப் பங்குகளை ஒவ்வொரு மாத இடைவெளிவிட்டு அலசுக. சவர்க்காரம், குளோரீன், கொதிநீர், வெயில் ஆகிய நான்கும் ஆகா. சல்லியிற் படிந்த கபிலநிற வழுவழுப்பு அழுக்கன்று; அதுவே வேலையாள். முதலிற் கூறிய கமக்காரர் தம் வேலையாட்களையெல்லாம் ஒரே நாளில் வெளியேற்றிவிட்டார்.

இன்னுமொன்று: பற்றீரியாக்கள் 1 கிராம் அமோனியா நைதரசனை மாற்றும்போது ஏறக்குறைய 7 கிராம் சுண்ணக்கல்லுக்கு ஈடான காரத்தன்மை நீரிலிருந்து செலவாகும். சுண்ணக்கற் பிரதேசத்து நீரில் இது தாராளமாக உண்டு. மலைநாட்டின் மென்னீரிலோ விரைவில் தீர்ந்து, நீர் அமிலமாகி, பற்றீரியாக்கள் வேலையை நிறுத்தும். அங்குள்ளோர் சுண்ணக்கற் துண்டுகளையோ சிப்பி ஓடுகளையோ வலைப்பையிற் கட்டிப் பீப்பாவில் இடுக. நீறிய சுண்ணாம்பு இடலாகாது.

8. மின்சாரம் நின்றால்

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததைக் கமக்காரர் மறந்திரார். இரண்டொரு மணித்தியாலத் தடையாற் பெருங்கேடில்லை. பல மணித்தியாலம் நீடித்தாற் சல்லியினுள் ஒட்சிசன் தீர்ந்து நாற்றமுடைய நீர் தேங்கும். மின்சாரம் வந்ததும் அந்நீர் தொட்டியுட் சென்று மீனைக் கொல்லும். ஆகவே நெடுந்தடையின்போது அடிவால்வைத் திறந்து பீப்பாவின் நீரை முற்றாக வடித்துவிடுக. ஈரச்சல்லி காற்றுப்பட்டுப் பற்றீரியாக்கள் பிழைத்திருக்கும். அன்று தீன் இடவேண்டாம். வாளியால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி மீனுக்குக் காற்றூட்டுக.

9. வடிகட்டி நீரும் தோட்டமும்

நாளொன்றுக்கு 50 கிராம் தீன் இடும் தொட்டியிற் கிழமைக்கு 10 கிராமுக்குக் குறையாத நைதரசன் நீரிற் சேரும். அது 20 கிராமுக்கு மேற்பட்ட யூரியாவிலுள்ள நைதரசனுக்கு ஒப்பாகும். பெரும் பயிர்ச்செய்கைக்கு இது பசளையாகாது. கத்தரி, வெண்டி, வாழை, கீரை நின்ற சிறு வீட்டுத்தோட்டத்துக்கு இது வீணாக்கத்தகாத செல்வம். இந்நீரைச் செடியின் அடியில் ஊற்றுக. பச்சையாக உண்ணும் இலைகளின்மீது தெளிக்கலாகாது. உப்போ மருந்தோ இட்ட நீரைப் பயிருக்கு விடலாகாது. கிணற்றடியிற் குழி வெட்டி அதனுள் விடுவதும் தவறு. சுண்ணக்கல் நிலத்தில் நைத்திரேற்று விரைவிற் குடிநீரை அடையும்.

பயிருக்கு மருந்து தெளிப்போர் தொட்டியை மறத்தலாகாது. சைபர்மெத்திரின் போன்ற பூச்சிநாசினிகள் மிகச் சிறு அளவிலும் மீனைக் கொல்லும். செப்புக் கலந்த பங்கசு நாசினிகளும் தீங்கானவை. தெளிகருவிக்கு நீர் மொள்ளும் வாளி வேறு, தொட்டிக்குரிய வாளி வேறு என வைத்துக்கொள்க. தெளிக்கும் நாளிற் காற்றின் திசையைப் பார்த்துத் தொட்டியை மூடுக.

10. ஆமையைத் தொட்டியில் விடலாமா?

வயலிலும் வாய்க்காலிலும் அகப்படும் ஆமையைப் பிள்ளைகள் தொட்டியில் விடுவதுண்டு. இது கூடாது. நம் நாட்டுப் பாலாமையும் காராமையும் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. பிடித்த இடத்திலேயே விட்டுவிடுக. கடையில் வாங்கிய வெளிநாட்டு ஆமையை ஏற்கெனவே வளர்ப்போர், அது அதே அளவு மீனிலும் மிகுதியாக நீரை அழுக்காக்கும் என்பதை அறிந்து, இருமடங்கு வடிகட்டி அமைத்தல் வேண்டும். வெளிநாட்டு ஆமையையோ மீனையோ குளத்திலும் வாய்க்காலிலும் விடுதல் நாட்டுயிர்களுக்குப் பெருங்கேடு.

முடிவுரை

நன்செய் புன்செய் எதுவாயினும் மண்ணைப் பேணுபவனே பயிரைக் காண்கின்றான். அவ்வாறே வடிகட்டியைப் பேணுபவனே மீனைக் காண்பான். அளவறிந்து தீன் இடுக, நீரோட்டத்தை நிறுத்தாதிருக்க, சல்லியை ஒருபோதும் ஒருசேரக் கழுவாதிருக்க. இம்மூன்றையும் கைக்கொள்வோரின் தொட்டியில் நீர் பளிங்குபோல் இல்லாவிடினும் மீன்கள் உயிரோடிருக்கும். மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் கண்டு கேட்டறிக.